‘கோபால் சார்’ என்று கூப்பிடுகிறார்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. 23 வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கோபால் (COBOL) என்ற கணினி மொழிதான். இடையில் கொஞ்சம் விஷுவல் பேசிக், கொஞ்சம் சி. இப்போதும் ஒரு பெரிய கணக்கு சிஸ்டத்தைப் பராமரிப்பது என் பொறுப்பு. மதியம் சாப்பிட எங்கள் மேசையில் பத்துப் பேர் உட்காருவோம். என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றிப் பழைய மொழிகளில் வந்து நிற்கும். ‘ஃபோர்ட்ரான்லாம் இன்னும் உயிரோட இருக்கா?’ என்பார்கள். ‘சார், நீங்க பஞ்ச் கார்டு பாத்திருக்கீங்களா?’ என்பார்கள். என் பெயர் கோபால் இல்லை. ஆனால் எல்லோருக்கும் நான் ‘கோபால் சார்’. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அந்தச் சிரிப்பு உறுத்துகிறது.

இதற்கிடையில் சிஸ்டம் முழுவதையும் ஜாவாவில் திருப்பி எழுதப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். இதில் பாதி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் என்னை அவ்வளவு சுலபமாக அனுப்பிவிட முடியாது என்ற தைரியம் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். இந்த வயதில் புது மொழி படிக்க வேண்டுமா? திருப்பி எழுதுவதை எதிர்க்கலாமா? இவர்கள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

பின்குறிப்பு: எங்கள் புரோகிராம்களில் சில வரிகளின் வலது ஓரத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருக்கும். அது என்ன என்று நேற்று ஒரு பெண் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இவர்கள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் வலிப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

பட்டப்பெயரை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மொழியின் பெயரைத் தமிழில் எழுதினாலே ஆள் பெயராகிவிடுகிறது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? நான் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மொழியில் தொழிலைத் தொடங்கியவன். பக்கத்து டீமில் என்னை ‘நரி’ என்றுதான் சொல்வார்கள். ‘நரிகிட்ட கேளு, அந்த டேட்டா எங்க இருக்குன்னு சொல்லும்.’ சொல்லுவார் இல்லை, சொல்லும்! உங்களுக்கு மனிதப் பெயரே கிடைத்திருக்கிறது, கூடவே ‘சார்’ வேறு.

அந்த மேசையில் நடப்பதை நீங்கள் கேலியாக எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பழைய வண்டிகளைப் பற்றிப் பேசாத மெக்கானிக் உண்டா? அது மாதிரி, நாலு புரோகிராமர்கள் ஓய்வாக உட்கார்ந்தால் பழைய மொழி, பழைய கம்பைலர் (புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), பழைய மானிட்டர் என்றுதான் பேச்சு போகும். பஞ்ச் கார்டு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிற பையனுக்கு உண்மையிலேயே அது எப்படி இருக்கும் என்று தெரியாது. நீங்கள் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்க்கிறீர்கள். அவன் கேட்ட கேள்வி அங்கேயே செத்துப்போகிறது.

அடுத்த தடவை பதில் சொல்லிப் பாருங்கள். உங்கள் வயதுக்கு நீங்கள் கார்டைக் கையில் தொட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் தினமும் அதற்குள்தான் எழுதுகிறீர்கள். பஞ்ச் கார்டு என்றால் எழுத்தையும் எண்ணையும் துளைகளாகப் பதிக்கும் அட்டை. ஐபிஎம் 80 பத்திகள் கொண்ட கார்டைக் கொண்டுவந்தது 1928ல். ஒரு கார்டு ஒரு வரி. கோபாலின் பழைய வரி அமைப்பு அப்படியே அந்தக் கார்டுதான்: முதல் 6 கட்டம் வரிசை எண்ணுக்கு, 7வது கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு, 8லிருந்து 72 வரை புரோகிராம். அந்த முதல் ஆறு கட்டம் எதற்கு என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் கார்டு உள்ள கட்டு கை தவறிக் கீழே விழுந்தால், அந்த எண்ணை வைத்து இயந்திரத்தில் கொடுத்துத் திரும்ப அடுக்கிக்கொள்வதற்கு. கை தவறும் என்று தெரிந்து, அதற்கென்றே மொழியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்புறம் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போங்கள். பைதான் எழுதுகிறவர்களின் அதிகாரப்பூர்வ நடைக் கையேடு ஒரு வரிக்கு 79 எழுத்து என்கிறது. அது எங்கிருந்து வந்த எண்? டெர்மினல் திரைகள் 80 எழுத்து அகலத்தில் நின்றுபோனதற்குப் பின்னால் இருப்பது அந்தக் கார்டு. விண்டோஸில் ஒருவர், லினக்ஸில் ஒருவர் வேலை செய்யும் டீமில், ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே கோப்பு முழுக்க மாறிவிட்டதாக, மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கருவியான கிட் காட்டுமே, அந்தத் தலைவலி யாருக்குத் தெரியாது? வரி முடிவில் ஒரு குறியா இரண்டு குறியா என்ற சண்டை அது. தட்டச்சுத் தந்தி இயந்திரமான டெலிடைப்பில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு கட்டளை, தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு கட்டளை. அந்த இயந்திரத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விஐ எடிட்டரில் கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள் ஏன் என்று கேளுங்கள். பில் ஜாய் அதை எழுதியபோது அவரிடம் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நாலு விசைகளின் மேல்தான் அச்சிட்டிருந்தன.

‘ஃபோர்ட்ரான் உயிரோடு இருக்கிறதா’ என்று கேட்டவர் மெஷின் லேர்னிங் பக்கம் வேலை செய்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. 1957ல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம்மில் வெளிவந்த மொழி அது. பைதானில் ‘நம்பை’ என்ற கணிதத் தொகுப்பை வைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால் அந்த வேலை லாபேக் என்ற நூலகத்தின், அதாவது ஆயத்தப் புரோகிராம்களின் தொகுப்பின், கைக்குத்தான் போகிறது. லாபேக் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டு 1992ல் வந்தது. ஆக, அவர் காலையிலிருந்து மாலைவரை ஃபோர்ட்ரான் ஆட்களின் உழைப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். கதவில் பைதான் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் மேசையில் ஜெயிப்பதற்கான சீட்டுகள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் பல வருடமாக உண்டு. டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் காட் 1970ல் எழுதிய கட்டுரையில் அதன் வேர் இருக்கிறது. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974ல் அதை ‘சீக்வல்’ என்ற பெயரில் முன்வைத்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டிய மொழி. அந்தப் பத்துப் பேரும் தினமும் எழுதுகிறார்கள். அதை டைனோசர் என்று சொல்லி ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. ஜாவாவே 1995ல் வந்தது. முப்பது வயது ஆகிவிட்டது. கோபாலுக்கு முப்பது வயது ஆனது 1989ல், அப்போதே அதைக் கிழம் என்றுதான் சொன்னார்கள். மறுபக்கம் விஷுவல் பேசிக் 6. உங்களுக்கே தெரியும், 1998ல் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்தது! பத்தே வருடத்தில், 2008ல், அதன் எழுதும் கருவிக்கு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். கோபாலுக்கும் ஃபோர்ட்ரானுக்கும் 2023ல்கூடப் புதிய ஐஎஸ்ஓ தரம் வெளியாகியிருக்கிறது.

அப்படியானால் எதை வைத்துப் பழசு என்கிறோம்? பிறந்த வருடம் கணக்கில் வரவில்லை என்பது தெளிவு. நான் பார்த்தவரையில், ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறவரை ஒன்றை யாரும் பழசு என்பதில்லை. எஸ்கியூஎல்லில் ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து நாற்காலியில் பதில் இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் ஒரு சந்தேகம் என்றால் உங்களிடம் மட்டும் இருக்கிறது. நீங்கள் இல்லாத அன்று அது நிஜமாகவே பழசாகிவிடும்.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். ‘பாதி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்’ என்ற அந்தத் தைரியம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. திருப்பி எழுதும் பேச்சு ஏன் கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மொழி பிடிக்காமல் இருக்காது. மேலதிகாரிகளுக்கு மொழியைப் பற்றிக் கவலை கிடையாது. ஒரே ஒரு ஆளின் தலைக்குள் கணக்கு சிஸ்டம் இருக்கிறது, அவர் நாளைக்கு வேலையை விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் இருக்கும். நீங்கள் பாதுகாப்பு என்று நினைப்பதைத்தான் அவர்கள் ஆபத்து என்று எழுதி வைத்திருப்பார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அந்த மாதிரி ஒரு செய்தியைப் படித்துவிட்டு எந்த நிர்வாகமும் நிம்மதியாகத் தூங்காது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு நிறுவனத்தில் மாதாமாதம் வட்டி கணக்கிடும் கோபால் புரோகிராமை ஜாவாவுக்கு மாற்றும் டீமில் இருந்தேன். பழைய புரோகிராமில் தொகை வைக்கும் இடம் ‘பிக் எஸ்9(7)வி99’ என்று அறிவித்திருந்தது. உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எஸ் என்றால் கூட்டல் கழித்தல் குறி உண்டு, 9(7) என்றால் ஏழு இலக்கம், 99 என்றால் இன்னும் இரண்டு இலக்கம். நடுவில் உள்ள வி-தான் அழகு. தசமப் புள்ளி அங்கே இருப்பதாக நினைத்துக்கொள் என்று அர்த்தம். புள்ளி எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. எண் எப்போதும் பத்தடிமானத்தில், சில்லறை வரை சுத்தமாக நிற்கும்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அதை ஜாவாவில் தசமத்தைத் தோராயமாக வைக்கும் டபுள் வகைக்கு மாற்றினோம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று சொல்லும் வகை அது. இதற்கென்றே, தசமத்தைச் சுத்தமாக வைக்கும் பிக்டெசிமல் என்ற வகை ஜாவாவில் இருக்கிறது. இருந்தும் நாங்கள் பயன்படுத்தவில்லை. முழுக்க எங்கள் தப்பு. பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மொத்தத்தில் சில்லறை வித்தியாசம். அந்தத் தப்பை ஒரே நாளில் சரி செய்துவிட்டோம். அதற்கப்புறமும் வித்தியாசம் போகவில்லை. குறைந்தது, ஆனால் போகவில்லை. பதினோரு நாள் தேடினோம். கடைசியில் அகப்பட்டது: கோபாலில் கணக்கிடும் வரியில் ‘ரவுண்டட்’ என்று சேர்க்காவிட்டால் மூன்றாவது தசமம் வெட்டுப்படும், அருகிலுள்ள எண்ணுக்கு ஏறாது. பழைய புரோகிராமில் எல்லா இடத்திலும் ‘ரவுண்டட்’ இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இல்லை.

அது மறதியா, வேண்டுமென்றே விட்டதா? டீமில் இரண்டு கட்சி. ‘பழைய பிழை, திருத்திவிடலாம்’ என்று நான்தான் அடித்துப் பேசினேன். பிறகு யாரோ சொல்லி, ஓய்வு பெற்றுவிட்ட அந்தப் புரோகிராமரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தோம். நாலு நிமிடம்கூடப் பேசவில்லை. ‘தெரிஞ்சுதான் தம்பி வெட்டினேன். அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் பின்னத்தைக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. எடுத்துப் பாருங்க’ என்றார். எடுத்துப் பார்த்தோம். இருந்தது.

அவருக்குப் போன் செய்யலாம் என்று பதினோரு நாள் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது, அவர் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருந்தால் போனே வேண்டியிருந்திருக்காது. ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு வாக்கியம். அவ்வளவுதான் செலவு.

உங்கள் சிஸ்டத்தில் இப்படி எத்தனை இடம் இருக்கும்? ‘இதைத் தொடாதே’ என்று மட்டும் எழுதி, ஏன் என்று எழுதாத இடங்கள் உங்களுக்கே நினைவுக்கு வரும். அந்த ‘ஏன்’களை எழுத ஆரம்பியுங்கள். பெரிய ஆவணம் வேண்டாம், அதை யாரும் படிக்கமாட்டார்கள். ‘இந்த வரி என்ன செய்கிறது’ என்பதும் வேண்டாம், புரோகிராமைப் படித்தாலே தெரியும். ‘இந்தத் திட்டத்துக்கு மட்டும் மூன்றாவது தசமம் வெட்டப்படுகிறது. பிழை இல்லை. ஒப்பந்தப் பிரிவு இன்னது. விசாரித்தது இன்னாரிடம்.’ இந்த அளவு போதும். ஒரு நாளைக்கு ஒன்று எழுதினால்கூட ஆறு மாதத்தில் நூற்றுக்கு மேல் ஆகிவிடும். அந்த மேசையில் உட்காருகிறவர்களில் ஆர்வமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். அவருக்குப் புரியாத இடத்தில் கேட்கும் கேள்வி, நீங்கள் தனியாக எழுதும்போது வரவே வராது.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நியாயமான பயம்தான். நான் பார்த்த இடங்களில் நடந்ததைச் சொல்கிறேன்: பூட்டி வைத்திருந்தவரை எப்படித் தாண்டிப் போவது என்று யோசித்தார்கள், எழுதிக் கொடுத்தவரை அடுத்த வேலையின் கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனால் உங்கள் நிர்வாகம் திருப்பி எழுதுவதைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்டிருக்கிறது. கேட்கவே வேண்டியதில்லை, கேட்டிருக்கிறது. அதைக் கவனியுங்கள்.

இனி அந்தக் கருத்து. எதிர்க்காதீர்கள். நீங்கள் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்றால் ‘கோபால் சார் அப்படித்தான் சொல்வார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சில சிஸ்டங்களை மாற்றத்தான் வேண்டும். கம்பைலர் விற்ற நிறுவனமே மூடிப் போயிருந்தால், சோர்ஸ் கோட் தொலைந்துபோய் ஓடும் வடிவம் மட்டும் மிச்சமிருந்தால், நான் மாற்றச் சொல்லும் கட்சிதான். பழசு என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடுவதும் பிடிக்காது எனக்கு. கோபாலிலும் சகிக்க முடியாத கோட் எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன்.

கூட்டத்தில் இரண்டு விஷயத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். ஒன்று, ஒரே ராத்திரியில் மாற்றக் கூடாது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. அதற்குப் பதிலாக இன்னொரு வழி இருக்கிறது. பனைமரத்தின் மேல் பறவை போட்ட விதையிலிருந்து ஆல் முளைத்து, பனையைச் சுற்றி வேர்விட்டு இறங்கி, கடைசியில் தானே மரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிஸ்டத்தையும் அப்படி மாற்றலாம் என்று மார்ட்டின் ஃபவ்லர் 2004ல் எழுதினார். ஆஸ்திரேலியக் காட்டில் இதே மாதிரி அத்தி மரங்களைப் பார்த்ததில் தோன்றியதாம். ஒரு ரிப்போர்ட்டைப் புதிதாக எழுது, பழையது ஓடிக்கொண்டே இருக்கட்டும், இரண்டும் ஒன்றே சொல்கிறதா என்று பார், பிறகு அடுத்ததற்குப் போ.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. பழைய சிஸ்டம் இன்று கொடுக்கும் விடைகளைச் சேமித்து வைத்து, அதே உள்ளீட்டுக்குப் புதியது கொடுப்பதோடு சில்லறை வரை ஒத்துப்பார்க்க வேண்டும். ‘வருடக்கணக்கில் நன்றாக ஓடிய கோட்தானே, அப்படியே எடுத்து வைக்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஏரியான் 5 ராக்கெட்டைச் சொல்லுங்கள். ஏரியான் 4ல் குறை சொல்ல முடியாமல் ஓடிய அடா மொழிப் புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டார்கள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணிக்கப்போய் நிரம்பி வழிந்தது. 1996 ஜூன் 4 அன்று, கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் ராக்கெட் சிதறியது. வேகம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று யாரோ ஒரு காலத்தில் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். பழைய ராக்கெட்டுக்கு அது சரியான முடிவும்கூட. புதிய ராக்கெட்டுக்கு அது பொருந்துமா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. உங்கள் சிஸ்டத்தில் இதே மாதிரி ‘இவ்வளவுக்கு மேல் போகாது’ என்று எங்கெங்கே எழுதாமல் விட்டிருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் உங்களைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்?

புது மொழி படிக்க வேண்டுமா என்றால், படியுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சான்றிதழ் தரும் வகுப்பு எதிலும் சேராதீர்கள். பாதி விஷயம் பழைய சரக்குதான். ஜாவாவின் கிளாஸ் 1967ல் சிமுலாவில் வந்தது. 2014ல் ஜாவாவுக்குள் நுழைந்த, பெயரில்லாச் சிறு செயல்பாடான லாம்டாவும், தானாக நினைவகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையும் 1950களின் கடைசியில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப்பிலேயே உண்டு. மொழி மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். உங்களைத் திணறடிக்கப் போவது அதைச் சுற்றியுள்ள சாமான்கள்தான்: கிட், பேக்கேஜ்கள், டெஸ்ட் ஓட்டும் கருவிகள். அதற்கு மூன்று மாதமாவது ஆகும். அங்கே ‘கோபால் சார்’ போய் மாணவராக உட்கார வேண்டும். கற்றுக்கொடுக்கிறவருக்கு உங்கள் வயதில் பாதிதான் இருக்கும், கொஞ்சம் வேகமாகவும் பேசுவார். பழகிவிடும்.

முதல் பயிற்சியாக ஒன்று தருகிறேன். உங்கள் சிஸ்டம் எழுதும் ஒரு கோப்பை எடுத்து, அதைப் பைதானில் படித்துக் காட்டுங்கள். காம்ப்-3 என்று சுருக்கி வைத்த எண்கள் அதில் இருக்கும். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி. 12345 என்பது மூன்றே பைட்டில் 12, 34, 5சி என்று நிற்கும்; சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் கோப்பு என்றால் எழுத்துகள் எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கும், அதையும் ஆஸ்கி என்ற இன்னொரு முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பெயர்களையும் கணக்கு எண்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள், வரிசை புரண்டிருக்கும்! எப்சிடிக்கில் எழுத்து முதலில், எண் பிறகு. ஆஸ்கியில் எண் முதலில், எழுத்து பிறகு. ஜாவாவுக்கு மாற்றும் டீம் இதில் தடுக்கி விழத்தான் போகிறது. அவர்கள் விழுவதற்கு முன்பே நீங்கள் இதை எழுதி முடித்து வைத்திருந்தால், நான் மேலே சொன்ன ஒப்பிடும் கருவியின் முதல் பாதி தயார். அதை எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் தெரிந்தவர் அப்போது நீங்கள் ஒருவர்தான்.

ரெஸ்யூமேயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மொழிகளின் பட்டியலை மேலே போடாதீர்கள். 23 வருடமாக எந்தக் கணக்கு உங்கள் கையில் ஓடுகிறது என்பதை மேலே போடுங்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அந்தப் பெண் பார்த்தது 73லிருந்து 80 வரையுள்ள கட்டங்களை. கம்பைலர் அவற்றைப் படிப்பதே இல்லை. கதை ஃபோர்ட்ரான் பிறந்த ஐபிஎம் 704 இயந்திரத்துக்குப் போகிறது. அதன் கார்டு ரீடர் கார்டின் ஒவ்வொரு கிடை வரிசையையும் 36 பிட் கொண்ட இரண்டு ‘சொற்களாக’, அதாவது இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் துண்டுகளாகத்தான் வாங்கும். இரண்டு முப்பத்தாறு எழுபத்திரண்டு. மிச்சம் எட்டுக் கட்டம் சும்மா கிடந்தது. கோபாலிலும் அந்த 72 எல்லை நின்றுவிட்டது. சும்மா கிடக்கும் இடத்தை ஆட்கள் விடுவார்களா? கார்டு காலத்தில் புரோகிராமின் பெயரை எழுதினார்கள். பிறகு பல இடங்களில், ஒரு வரியை மாற்றுகிறவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் மாற்றிய மாதம் வருடத்தையும் அங்கே போட்டுவைப்பது வழக்கமானது. சில வரிகளில் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். அது இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, அந்த எட்டுக் கட்டங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து, எந்தெந்த முதலெழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். பைதானில் பத்து வரி, அவளே எழுதிவிடுவாள். சில எழுத்துகளைப் பார்த்ததுமே யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுத்த நாற்காலியில் இருந்தவராகக்கூட இருக்கலாம். அவர் எண் யாரிடமாவது இருக்கும். ‘தொடாதே’ என்று எழுதி வைத்திருக்கும் இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், அந்தப் பெண்ணும் கேட்கட்டும்.